நீர்க்கடுப்பும் இரண்டு போத்தல் தண்ணீரும்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 41. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.

“டொக்டர் அம்மா, இந்த வருசத்தில் எனக்கு மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாகப் போகிறது, எரிகிறது. போய்விட்டு வந்த கையோடு மறுபடியும் போகணும் போல இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் டிஸ்பென்சரியில் மாத்திரை தருகிறார்கள், சுகமாகிறது, இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது. உடம்புச் சூடு என்று சொல்லி மாமி எனக்கு முட்டை, கருவாடு, முருங்கைக்கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பக்கத்துக் காம்பராவில் பார்லி குடிக்கச் சொல்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகள் கிரான்பெரி ஜூஸ் என்று ஒரு போத்தல் கொண்டுவந்தாள். விலையைக் கேட்டதும் குடிக்க மனசே வரவில்லை. நான் என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்? இன்னொரு விசயம், கொழுந்து எடுக்க மலைக்குப் போனால் பகல் வரைக்கும் நான் தண்ணி குடிக்கிறதில்லை, அங்கே ஒதுங்க இடமில்லை. இதையெல்லாம் யாரிடமும் கேட்க வெட்கமாக இருக்கிறது.”

அன்புள்ள தங்கச்சி,

முதலில் வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வருத்தம் வருகிறது. கிளினிக்கில் என் முன்னால் வந்து உட்கார்ந்து “தலைவலி டொக்டர்” என்று ஆரம்பித்து, கூட வந்தவர் வெளியே போனதும் “அது இல்ல டொக்டர்…” என்று குரலைத் தணிப்பவர்களை நான் வாரத்துக்கு வாரம் பார்க்கிறேன். ஒழுக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம் எல்லோருடைய குடலிலும் குடியிருக்கிற ஈ-கோலை என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம். குடலில் இருக்கும்வரை சும்மா இருக்கும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்து, சிறுநீர்ப் பாதையில் ஏறி, சிறுநீர்ப்பைக்குள் போய்விட்டால்தான் தொல்லை. ஆணுக்கு அந்தப் பாதை சுமார் 20 சென்றிமீற்றர் நீளம், பெண்ணுக்கு 4 சென்றிமீற்றர்தான். நீங்கள் கிள்ளி எடுக்கிற இரண்டு இலை ஒரு மொட்டின் அளவுகூட வராது. பாக்டீரியாவுக்கு அது ஒரு தூரமே இல்லை.

மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் குடித்ததால் வந்ததோ என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். இல்லை, குடிக்கிற தண்ணீரால் நீர்க்கடுப்பு வருவதில்லை. ஆனால் வயிற்றோட்டம் வரும், ஆகவே கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இனி, என்ன சாப்பிடலாம் என்ற கேள்வி. பதிலில் முக்கால்வாசியை நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுவும் “இன்னொரு விசயம்” என்று போகிற போக்கில். பகல்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் அது. முட்டையை நிறுத்துவதும் பார்லியைக் காய்ச்சுவதும் அதற்குப் பிறகுதான்.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். விடியற்காலையில் எழும்பி எங்களுக்கு ரொட்டி தட்டிவைத்துவிட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுவார். தனக்கு மட்டும் பாதிக் கோப்பை. ஏனம்மா என்று சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன். “மலையில அட்டையும் குளவியும்தான் இருக்கு” என்றார். நான் என்ன கேட்டேன், அம்மா என்ன சொல்கிறார் என்று அப்போது விளங்கவில்லை. படித்து டொக்டராகி, வார்டில் அவர் வயதுப் பெண்களின் கதையைக் கேட்ட பிறகுதான் விளங்கியது. அடக்கிக்கொள்ளும் அதே வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளின் மலசலகூடத்தைப் பூட்டிச் சாவியை எங்கேயோ வைத்துவிடுவார்கள். காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை அடக்கிக்கொண்டே இருந்து, பதினாறு வயதில் முதல் தடவை நீர்க்கடுப்போடு வீட்டுக்கு வந்தேன். அம்மா மல்லித்தண்ணி காய்ச்சித் தந்தார். அடக்காதே என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கே அது வழக்கமாகிப்போயிருந்தது.

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் நம் நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலாகத் தேயிலை நட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. தேயிலையை நிறுக்க மலையிலேயே இடம் இருக்கிறது. எடுக்கிற பெண் ஒதுங்குவதற்குத்தான் பல மலைகளில் இன்னும் ஒரு மறைப்புக்கூட இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. சரி, கோபம் உங்கள் எரிச்சலைக் குறைக்காது. விசயத்துக்கு வருகிறேன்.

பைக்குள் ஏறிய பாக்டீரியாவை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கிற முதல் ஆயுதம் சிறுநீர்தான். நல்ல தீனி கிடைத்தால் ஈ-கோலை சுமார் 20 நிமிசத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பெருகும். அந்தக் கணக்கில் நாலு மணித்தியாலத்தில் ஒன்று 4,096 ஆகும். பைக்குள் அவ்வளவு வேகம் இருக்காது, ஆனால் கணக்கு போகிற திசை அதுதான். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நன்றாக இறங்கிப்போனால் பெருகினதெல்லாம் கூடவே போய்விடும். நீங்களோ தண்ணீரையும் குறைத்து, போவதையும் அடக்கி, அவற்றுக்கு ஆற அமரப் பெருக நேரம் கொடுக்கிறீர்கள்.

இது என் ஊகம் என்று நினைக்க வேண்டாம். 2018இல் வெளியான ஒரு ஆய்வில், உங்களைப் போலவே வருசத்துக்கு மூன்று தடவை அல்லது அதற்கு மேல் நீர்க்கடுப்பு வந்த, நாளுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்த 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப்பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லீற்றர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள், மற்றவர்களைப் பழையபடியே இருக்கவிட்டார்கள். ஒரு வருசம் கழித்துப் பார்த்தால், பழையபடி இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை வந்திருந்தது, கூடக் குடித்தவர்களுக்கு 1.7 தடவை. மருந்து எடுத்த தடவைகளும் அதே அளவுக்குக் குறைந்திருந்தன. போத்தல் தண்ணீர் விற்கிற கம்பனி ஒன்றின் பணத்தில் நடந்த ஆய்வு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் வீட்டுக் கேத்தல் தண்ணீரில் அந்தக் கம்பனிக்கு ஒரு சதமும் போகப்போவதில்லை, ஆகவே எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை.

ஒன்றரை லீற்றர் என்றால் எவ்வளவு? சாராயப் போத்தல் 750 மில்லிலீற்றர். அதில் இரண்டு. நம் லய வீடுகளில் தேங்காயெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் போத்தல்தானே அளவு, இதற்கும் அதுவே இருக்கட்டும். இப்போது குடிப்பதோடு இரண்டு போத்தல் கூட.

இதை மலை வேலையோடு எப்படிப் பொருத்துவது என்பதுதான் கஷ்டமான பகுதி. என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் முறையை எழுதுகிறேன், காலையில் வேலை பிரிக்கும் உங்கள் பிரட்டு நேரத்துக்கும், கொழுந்து நிறுக்கும் நிறுவை நேரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எழும்பியதும், அடுப்பு மூட்டும்போதே, இரண்டு பெரிய கோப்பை வெந்நீர். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்காது, அதனால்தான் வெந்நீர். வேலைக்குப் புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே அதைக் குடித்துவிட வேண்டும். அப்போதுதான் அது வீட்டிலேயே இறங்கும். புறப்படும்போது, வருகிறதோ இல்லையோ, ஒரு தடவை போய்விட்டுப் போங்கள். மலையில் ஒரே மூச்சாகக் குடிக்க வேண்டாம். ஒரு போத்தலைக் கூடவே கொண்டுபோய், காலைத் தேத்தண்ணி நேரத்தில் கால்வாசி, அப்புறம் நிறுவைக்குப் போகும்போது கால்வாசி என்று வாய் நனைத்துக்கொண்டே இருங்கள். பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்தால் முதலில் கக்கூஸ், பிறகு தண்ணீர், பிறகு சோறு. மிச்சத்தை நாலரை, ஐந்து மணிக்கு வீடு திரும்பியதிலிருந்து இரவுச் சாப்பாட்டுவரை குடித்து முடிக்கலாம். படுப்பதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நடுஇரவில் குளிருக்குள் டோர்ச் எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டிவரும். அதற்குப் பயந்தே இரண்டாம் நாள் குடிப்பதைக் கைவிட்டவர்கள் உண்டு.

குடித்தது போதுமா என்று பார்க்க உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒரு அளவுகோல் இருக்கிறது. சிறுநீரின் நிறம் கோப்பையில் ஊற்றிய தேயிலைச் சாயம் மாதிரி இருந்தால் போதவே போதாது. அதே சாயத்தூளில் மூன்றாம் தடவை தண்ணீர் ஊற்றினால் என்ன நிறம் வருமோ, அந்த வெளிறிய மஞ்சள்தான் சரி. சத்து மாத்திரை எடுக்கும் நாட்களில் இந்தக் கணக்கு சரிவராது, சில மாத்திரைகள் நிறத்தை மாற்றிவிடும்.

குளிர் நாட்டில் இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கிறது. மட்டக்களப்பில் இருப்பவளுக்கு வியர்வை கொட்டும், நாக்கு வரளும், தண்ணீரைத் தேடிப்போவாள். நமக்கோ பனியும் தூறலுமாக இருக்கையில் தாகமே தெரியாது. உடம்புக்குத் தண்ணீர் வேண்டித்தான் இருக்கிறது, கேட்கமட்டும் மறந்துவிடுகிறது. ஆகவே தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். “எங்க குளிருக்கு எப்படி டொக்டர் உடம்புச் சூடு வரும்?” என்று ஒரு கிழவி என்னிடம் கேட்டார். அன்று முழுக்க நான் கேட்டவற்றில் அதுதான் மிகப் புத்திசாலித்தனமான கேள்வி.

ஒரு எச்சரிக்கை. இருதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ இருந்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்த இரண்டு போத்தல் கணக்கைத் தங்கள் டொக்டரிடம் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

தேத்தண்ணிக்கு வருவோம். கொழுந்து எடுப்பவரிடம் தேத்தண்ணி குடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் தேவையில்லை. தேத்தண்ணியும் தண்ணீர்க் கணக்கில் சேரும். ஆனால் அதிலிருக்கும் கஃபீன், புண்பட்டிருக்கிற பையைச் சீண்டக்கூடியது. எரிச்சல் இருக்கிற நாட்களில் கடுஞ்சாயம் குடித்தால் அவசரம் இன்னும் கூடும். அந்த மூன்று நாலு நாட்களுக்குச் சாயத்தை மெல்லிசாக்கி, நாளுக்கு இரண்டு கோப்பையோடு நிறுத்துங்கள். ஒரேயடியாக விட்டால் தலை இடிக்கும், அதையும் நீர்க்கடுப்பின் தலையில் போடுவீர்கள். மற்ற நேரத்துக்கு மல்லித்தண்ணி, சீரகத்தண்ணி, இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர் எதுவும் நல்லதே. சீனியைக் கோப்பைக்குள் போடுவதைவிட, பழைய ஆட்கள் மாதிரி உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு குடித்தால் சீனி பாதியாகக் குறையும். இனிப்புச் சோடா வேண்டாம். “பியர் அடிச்சா கழுவிக்கிட்டுப் போயிரும்” என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லக்கூடும். அவர் தனக்கு வேண்டியதைச் சொல்கிறார்.

இப்போது மகளின் போத்தல். கிரான்பெரி நம் நாட்டில் விளையாத, வட அமெரிக்காவின் சதுப்பு நிலங்களில் வளரும் புளிப்புப் பழம். அது முழுப் பொய் இல்லை. ஈ-கோலை பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பொருள் ஒன்று அதில் இருக்கிறது. 2023இல் 50 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 9,000 பேரின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்களுக்கு அது மறுபடி வரும் வாய்ப்பு சுமார் கால்வாசி குறைவதாகத் தெரிந்தது. ஆனால் இதைக் கவனமாக வாசியுங்கள்: மறுபடி வராமல் தடுக்கத்தான். வந்துவிட்ட நீர்க்கடுப்பை அது சுகமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தடுக்கவும் நாள் தவறாமல் மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு போத்தலால் ஒன்றும் ஆகாது, கடையில் விற்பதில் பலவற்றில் பழத்தைவிடச் சீனி அதிகம். உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் அதை வாங்கச் சொல்லும் டொக்டர் யாராவது இருந்தால் அவரைச் சந்தேகியுங்கள். அதே காசுக்கு ஒரு நல்ல சுடுதண்ணிப் போத்தல் வாங்கலாம், மலையிலும் வெந்நீர் குடிக்கலாம். வீட்டில் யாராவது இரத்தம் உறையாமலிருக்க வாபரின் மாத்திரை எடுத்தால் கிரான்பெரியை அவர்கள் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, கிரான்பெரிக்குப் பதிலாக நம்மூர்ப் புளிப்புக் காய்களைப் பிழிந்து குடிக்கக் கிளம்பாதீர்கள். காமரங்காய்ச் சாறும் பிலிங்காய்ச் சாறும் வெறும் வயிற்றில் கோப்பை கோப்பையாகக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கும் ஒக்ஸலேட் என்ற பொருள் அந்தக் காய்களில் மிக அதிகம். சம்பலில் ஒரு துண்டு பரவாயில்லை. ஜூஸாக வேண்டவே வேண்டாம்.

பார்லி நல்லது, குடியுங்கள். ஒரு பிடி பார்லியைக் கழுவி, ஆறேழு கோப்பைத் தண்ணீர் விட்டு, தானியம் வெடித்துக் கூழாகும்வரை சிறுதீயில் வேகவைத்து வடித்தால் வழவழப்பான ஒரு தண்ணீர் கிடைக்கும். துளி உப்பும் அரை தேசிக்காயும் போட்டால் சூட்டோடு இதமாக இறங்கும். பாக்டீரியாவைக் கொல்லும் எதுவும் பார்லிக்குள் இல்லை. அது செய்வது, வெறும் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிற ஆளை ஒரு லீற்றர் குடிக்கவைப்பது. அதுவே பெரிய வேலை. சோற்றுக் கஞ்சித் தண்ணீரும், சுரைக்காய், முள்ளங்கி போட்ட நீர்த்த குழம்பும் அதே வேலையைச் செய்யும். பொல்பலா என்று விற்கிற சிறுபூளைக் கசாயம் சிறுநீரை நன்றாக இறக்கும். இரண்டு மூன்று நாள் மெல்லிசாகக் குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. மாதக்கணக்கில் தினமும் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக வருத்தக்காரருக்கும் வேண்டாம். தெம்பிலி இளநீர் மலைக்கு ஏறி வரும்போது விலையும் கூடவே ஏறிவிடுகிறது, கிடைத்தால் குடியுங்கள், கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம்.

இத்தனை கைவைத்தியமும் பெயர் எடுத்தது எப்படி? இலேசான நீர்க்கடுப்பு சிலருக்குச் சில நாட்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த நேரத்தில் கையில் இருந்தது பார்லி என்றால் பார்லிக்குப் பெயர், பொல்பலா என்றால் பொல்பலாவுக்குப் பெயர். தணியாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள், அவர்களுடைய கதையை லயத்தில் யாரும் சொல்வதில்லை. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதும் இப்படிப் பெயர் எடுத்ததுதான். எரிச்சல் கொஞ்சம் அடங்கும், ஆனால் அதில் உப்புச்சத்து அதிகம், பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. நீர்க்கடுப்புக்குத் தருகிற சில மாத்திரைகளின் வேலையையும் அது கெடுக்கும்.

மாமி நிறுத்தியவற்றை எல்லாம் திரும்பச் சாப்பிடுங்கள். முட்டையாலும் கருவாட்டாலும் முருங்கைக்கீரையாலும் பைக்குள் பாக்டீரியா ஏறாது. நாள் முழுக்கச் சரிவில் நின்று கூடை சுமக்கிற உடம்புக்கு அந்த முட்டை வேண்டும். இரத்தம் குறைந்த பெண்களை நம் தோட்டங்களில் நான் நிறையவே பார்க்கிறேன். மாமியிடம் சண்டை வேண்டாம், “டொக்டர் மருந்தோட சேர்த்துச் சாப்பிடச் சொன்னாங்க” என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள். காரமும் அப்படித்தான். சம்பலால் இந்த வருத்தம் வராது. எரிகிற நாட்களில் காரம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும், அந்த நாட்களில் மட்டும் குறையுங்கள்.

உணவில் நான் உண்மையாகவே மாற்றச் சொல்வது ஒன்றைத்தான், அதை உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்கவே இல்லை. காலையில் கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் ரொட்டி, இரவில் சோறும் உருளைக்கிழங்கும், தண்ணீரும் குறைவு. இப்படிச் சாப்பிட்டால் மலம் இறுகும். குடலின் கடைசிப் பகுதி நிறைந்து நின்றால் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும், பை முழுக்க வடியாது. வடியாமல் நிற்கும் அந்த மிச்சத்தில்தான் பாக்டீரியா பெருகும். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நாட்டுக்கே மரக்கறி அனுப்புகிற மலையில் இருந்துகொண்டு நாம் மரக்கறியைக் குறைவாகச் சாப்பிடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். விலையும் ஒரு காரணம் என்று தெரியும். லயத்துக்குப் பின்னால் கொடியில் தொங்கும் சவ்சவ்வுக்கு விலையில்லையே. முள்ளங்கிக் கிழங்கை வாங்கினால் இலையை எறியாமல் சுண்டிவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள் பச்சைப்பயறோ கௌபியோ கடலையோ அவித்து, காலை ரொட்டியில் ஒன்றைக் குறைத்து அதை வையுங்கள். கிடைக்கும்போது கொய்யாவும் பப்பாளியும் சாப்பிடுங்கள், பப்பாளி சூடு என்று மாமி சொல்வார், அதற்கும் என் பெயரையே சொல்லலாம். தயிரோ யோகட்டோ சாப்பிட்டால் நல்லது, நீர்க்கடுப்பைத் தடுக்கும் என்று மட்டும் நான் உறுதி தரமாட்டேன்.

மாத்திரை எடுக்கும்போது சாப்பாட்டைக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, இதைப் பலர் சொல்லிவிடுவதில்லை. சிப்ரோபுளொக்சசின் தந்திருந்தால் அதைப் பாலோடு, தயிரோடு, இரும்புச்சத்து அல்லது கல்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் மருந்து குடலிலேயே கட்டுப்பட்டு இரத்தத்துக்குச் சரியாகப் போகாது. அந்த மாத்திரைக்கு வெறும் தண்ணீர்தான். இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னால் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். நைட்ரோபுரான்டொயின் என்றால் அதற்கு நேர்மாறு, சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். சிறுநீர் கடும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகலாம், பயப்பட வேண்டாம். எது தந்தாலும் சொன்ன நாள்வரை முடியுங்கள். போன தடவை மீந்த கெப்சூலையோ பக்கத்துக் காம்பராவின் மிச்சத்தையோ எடுக்காதீர்கள். உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கு, பழைய மருந்துக்கு அந்தப் பாக்டீரியா பழகிப்போனதும் காரணமாக இருக்கலாம்.

அதனால்தான் இந்தத் தடவை டிஸ்பென்சரியோடு நிற்காமல் ஆதார வைத்தியசாலைக்குப் போய், அடுத்த மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன்பே சிறுநீர்க் கல்ச்சர் எடுக்கக் கேளுங்கள். எந்தப் பாக்டீரியா, எந்த மருந்து கேட்கும் என்று அதில் தெரியும். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைத்தான் போத்தலில் பிடிக்க வேண்டும். அதோடு இரத்தத்தில் சீனியும் பார்க்கச் சொல்லுங்கள். 41 வயதில் வருசத்துக்கு மூன்று தடவை என்றால் சீனி வருத்தம் இருக்கிறதா, பையிலோ சிறுநீரகத்திலோ கல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவதுதான் ஒழுங்கு. அரிப்பும் வெள்ளைபடுதலும் இருந்தால் அது வேறு வருத்தம், அதையும் சொல்லிவிடுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் பார்லியும் இல்லை, பொறுத்துப் பார்ப்பதும் இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். லயத்தில் கர்ப்பிணி யாருக்காவது இலேசாக எரிந்தால்கூட உடனே மிட்வைப் அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் பிள்ளை குறைமாதத்தில் பிறக்கக்கூடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுவுவதும் துடைப்பதும் முன்னிருந்து பின்னாக. உள்ளே சவர்க்காரமும் டெட்டோலும் வேண்டாம், தண்ணீர் போதும். கணவனோடு இருந்த பிறகு எழும்பி ஒரு தடவை சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். இது சிலருக்கு உதவலாம்.

மலையில் ஒதுங்குவதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெண்கள் செய்வதைக் கண்டேன், அதைச் சொல்கிறேன். தனியாக யாரும் போவதில்லை. தேத்தண்ணி நேரத்தில் மூன்று பேராகப் போகிறார்கள். இரண்டு பேர் இடுப்பில் சுற்றியிருக்கும் படங்குத் துணியை அவிழ்த்து விரித்துப் பிடிக்கிறார்கள், ஒருத்தி உட்காருகிறாள். முன்கூட்டியே பார்த்துவைத்த, அட்டை குறைந்த காய்ந்த இடம், ஓடைக்குத் தூரமாக. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை முதலில் முகம் சுளித்தாராம், மூன்று பேரும் சேர்ந்து போனதால் யாரையும் தனியாகப் பிடித்து ஏச முடியவில்லை. நிறுவை இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மறைப்பும் குழியும் வேண்டும் என்று மிட்வைப் அம்மா மூலமாகவும் தொழிற்சங்கத் தலைவர் மூலமாகவும் எழுத்தில் கொடுங்கள். “பெண்களின் கஷ்டம்” என்று பொதுவாக எழுதாமல், இந்த வருசம் உங்கள் மலையில் எத்தனை பேருக்கு நீர்க்கடுப்பு வந்தது, அதனால் எத்தனை நாள் வேலைக்குப் பேர் போட முடியாமல் போனது என்று எண்ணி எழுதுங்கள். தோட்ட ஆபீசுக்கு விளங்குகிற பாஷை அது.

மகள் கொண்டுவந்த போத்தலைக் கொட்ட வேண்டாம், பாவம், காசு போட்டு வாங்கியிருக்கிறாள். அரைக் கோப்பை ஜூஸில் அரைக் கோப்பை தண்ணீர் கலந்து, அவள் அடுத்த தடவை வரும்போது இரண்டு பேருமாகக் குடியுங்கள். வெறும் போத்தலைக் கழுவி எத்தனை மில்லிலீற்றர் என்று அடியில் பார்த்து வையுங்கள், மலைக்குத் தண்ணீர் கொண்டுபோக உதவும். கல்ச்சர் அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதில் பாக்டீரியாவின் பெயருக்குக் கீழே இருக்கிற மருந்துப் பட்டியலையும் சேர்த்து எழுதினால் நல்லது.